இரண்டு தடவை போன பணமும் ஒரு தடவை போன உங்கள் அக்காவும்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும், உங்கள் மனைவியும், குழந்தைகளும், பதினோரு நாளாக உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் உங்கள் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான். அரை டிராயர் காலத்திலிருந்து உங்களை "நீ, வா, போ" என்று பேசிப் பழகியவன் இப்படி "நீங்கள்" போட்டு எழுதுகிறேனே என்று பதற வேண்டாம். இது மச்சானுக்கு எழுதும் கடிதம் இல்லை. ஒரு வங்கியின் துணை மேலாளருக்கு, அதே வங்கியின் இன்னொரு கிளை செய்த அட்டூழியத்தைப் பற்றி ஒரு வாடிக்கையாளர் எழுதும் புகார். உங்கள் அக்கா விஷயம் இதில் வராது. வந்தாலும் வங்கி சம்பந்தமாக மட்டுமே வரும்.

முதலில் ஒரு விஷயத்தை உங்கள் நினைவுக்குக் கொண்டுவருகிறேன். உங்கள் வங்கியில் கணக்கு வேண்டும் என்று நான் கனவிலும் கேட்டதில்லை. எனக்கு என் பழைய வங்கி இருந்தது. அங்கே ஒரு காசாளர் இருந்தார், சிடுமூஞ்சிதான், ஆனால் பணத்தை எண்ணி என் கையில் வைப்பார். நீங்கள் வேலையில் சேர்ந்த வருடம் நூறு பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னதும், தொண்ணூற்றெட்டு பேரைப் பிடித்துவிட்டு, கடைசி இரண்டுக்கு ஆள் கிடைக்காமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். "அத்தான், ஒரு கையெழுத்துதான்" என்றீர்கள். குடும்பச் செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்கு, என் ஓய்வூதியத்துக்கு ஒரு தனிக் கணக்கு. அப்புறம் நான் போன் வாங்கியதும் அதில் செயலியை ஏற்றிக் கொடுத்து, "இனிமே நீங்க வீட்டை விட்டு நகரவே வேணாம், உக்காந்த இடத்துலயே எல்லாம் முடிஞ்சிரும்" என்று சொன்னீர்கள். சொன்னபடியே எல்லாம் முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். மருத்துவக் காப்பீட்டுக்கு வருடத் தவணை கட்டக் கடைசி நாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பத்தோராயிரத்து முந்நூறு. போன வருடம் வரை ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்து, காசோலையை வாங்கிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு, என் முழங்காலை விசாரித்துவிட்டுப் போவார். இந்த வருடம் அவருக்குப் பதிலாக ஒரு லிங்க் வந்தது. லிங்குக்கு என் முழங்கால் மேல் என்ன அக்கறை? சாப்பாட்டு மேஜையில் நான் போனை வைத்துக்கொண்டு உட்கார, உங்கள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அட்டையிலிருந்த எண்களை நாலு நாலாகப் படித்துச் சொல்ல, நான் ஒற்றை விரலால் தட்டினேன். பெயர், பிறந்த தேதி, சர்க்கரை உண்டா, கொதிப்பு உண்டா எல்லாம் முடிந்து கடைசியில் "செலுத்து" என்ற பச்சைப் பட்டனும் அழுத்தப்பட்டது. வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, அப்படி ஒரு சுற்று. அப்புறம் உங்கள் அக்காவின் போன் "டிங்" என்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் இன்னொரு "டிங்". இரண்டு செய்தி. இரண்டிலும் நாற்பத்தோராயிரத்து முந்நூறு. கணக்கில் இருந்ததே மொத்தம் ஐம்பத்திரண்டாயிரம்தான். அன்று காலை பதினொன்றேகால் மணிக்கு, வாழ்க்கையில் ஒருத்தரிடமும் கைமாற்று வாங்காத நான், முப்பதாயிரத்து அறுநூறுக்குக் கடன்காரன் ஆனேன்.

இங்கே உங்கள் அக்கா சம்பந்தப்பட்ட பகுதி வருகிறது, வங்கிக்காக மட்டுமே எழுதுகிறேன். முப்பத்து நாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். லிஃப்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் போதும், அதற்குக் காது நன்றாகவே கேட்கும், இரண்டாவது தடவை அழுத்துவதால் அது பதறியடித்துக்கொண்டு ஓடி வரப்போவதில்லை, பட்டன் தேய்வதுதான் மிச்சம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே என் தலைமுடி பாதி கொட்டியது. எங்கள் கட்டடத்தில் நானே என் கைப்பட எழுதி அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன். ஆனால் உங்கள் அக்கா கல்யாணமான முதல் வாரமே என் கண் முன்னால் ஒரு பட்டனை ஐந்து தடவை அழுத்தினாள். அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தது, இன்றுவரை சொல்கிறேன். ஆகவே அந்த இரண்டாவது "டிங்" வந்ததும் நான் கேட்டது நியாயமான கேள்வி.

"முப்பத்தோரு வருஷமா லிஃப்ட் பட்டனை மரங்கொத்தி மாதிரி கொத்துற கை, இதை மட்டும் ஒரு தடவையோட விட்டிருக்குமா?"

"நான் தொடவே இல்லைங்க."

"தொடாம தானா அமுங்கிச்சா?"

"போன் உங்க கையிலதானே இருந்துச்சு?"

"போன் யார் கையில இருந்தா என்ன? பழக்கம் யாரோடது?"

எதிர்வீட்டுப் பல் டாக்டர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்த அளவுக்கு என் குரல் தெளிவாக இருந்தது. உங்கள் அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "சரி, நான்தான்னே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நீலப் பெட்டியில் துணியை அடுக்கினாள். வெளியே வந்து லிஃப்ட் பட்டனை அழுத்தினாள், ஒரே ஒரு தடவை. அந்தச் சனியன் பிடித்த லிஃப்ட் அன்றைக்கென்று ஏழாவது மாடியில் யாரோ கட்டில் ஏற்றுவதற்காக நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் போயிருக்கும். அவள் மறுபடி அழுத்தவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நானும் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தேன். பெட்டியை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. ஆனால் தப்பு செய்தவர்கள் முதலில் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். லிஃப்ட் வந்தது, போய்விட்டாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு தொடர்பும் கிடையாது. அதைப் பற்றி எனக்குக் கவலையும் கிடையாது. நாம் வங்கிக்கு வருவோம்.

உங்கள் வங்கி முதலில் செய்தது என்ன? இருப்பில் இல்லாத பணத்தை "வாடிக்கையாளரின் வசதிக்காக" எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த உபகாரத்துக்கு ஓவர்டிராஃப்ட் கட்டணம் அறுநூறு பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மின்கட்டணம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது தானாகவே போனது, அதற்கொரு அறுநூறு. ஐந்தாம் நாள் இன்டர்நெட்டுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது போனது, அதற்கும் அறுநூறு. நூற்றுத் தொண்ணூற்றொன்பதைக் கொடுத்துவிட்டு அறுநூறு வாங்குகிறவனுக்கு எங்கள் காலத்தில் வேறு பெயர் இருந்தது, அவன் டை கட்டிக்கொண்டு வரமாட்டான். இதெல்லாம் போதாதென்று, "உங்கள் கணக்கில் பணம் இல்லை" என்று செய்தி அனுப்பிய வகையில் பதினைந்து. பணம் இல்லை என்று சொல்வதற்கு, அந்த இல்லாத பணத்திலேயே கூலி. இதை யோசித்துக் கண்டுபிடித்த மூளை யாருடையதோ, அவருக்கு இந்நேரம் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்தவும் என்றது, அழுத்தினேன். நாலை அழுத்தவும் என்றது, அழுத்தினேன். ஒன்பதை அழுத்தியதும் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது" என்று சொல்லி நாற்பது நிமிடம் புல்லாங்குழல் வாசித்தார்கள். முக்கியமானவர்களை இப்படித்தான் நடத்துவார்கள் என்றால், முக்கியமில்லாதவர்களை என்ன செய்வார்களோ. பிறகு செயலியில் ஒரு எந்திரம் இருக்கிறதே, "அன்புத் தோழி" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், அதனிடம் போனேன். "பணம் இரண்டு தடவை போய்விட்டது" என்று எழுதினேன். "வாழ்த்துகள்! உங்கள் பணம் வெற்றிகரமாகச் சென்றுவிட்டது" என்றது. "போகக் கூடாத பணம் போயிற்று" என்றேன். "உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. புதிய வீட்டுக் கடன் வேண்டுமா?" என்றது. திட்டினேன். எனக்குத் தெரிந்த அத்தனையையும் எழுதினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. உங்கள் வங்கியில் வெட்கம் இல்லாமல் வேலை செய்ய எந்திரத்துக்கும் பயிற்சி கொடுத்துவிட்டீர்கள்.

காப்பீட்டுக் கம்பெனியையும் விடவில்லை. அவர்களோ பரம சந்தோஷத்தில் இருக்கிறார்கள். எங்கள் பெயரில் இரண்டு பாலிசி போட்டு, இரண்டு உறையில் இரண்டு வரவேற்புக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு கெட்டுப்போன முழங்கால். இரண்டு பாலிசிக்கு ஈடுகட்ட இன்னொன்றையும் கெடுத்துக்கொள்ள வேண்டுமோ? அதிகப் பணம் இருபத்தொரு வேலை நாளில் திரும்பும் என்றார்கள். எடுக்கும்போது இருபது செகண்டு, கொடுக்கும்போது இருபத்தொரு நாள், அதிலும் வேலை நாள்.

இந்தக் கடன்கார நிலைமை தாங்காமல், ஓய்வூதியக் கணக்கிலிருந்து கூட்டுக் கணக்குக்கு முப்பத்தையாயிரம் மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். மறுபடி அதே வட்டம், அதே சுற்று. முடிந்ததும் பார்த்தால் எழுபதாயிரம் போயிருக்கிறது. ஓய்வூதியக் கணக்கில் இருந்தது நாற்பத்தெட்டாயிரம். ஆக ஒரு பள்ளத்தை மூட மண் எடுத்த இடத்தில் இன்னொரு பள்ளம், அதற்கும் அறுநூறு அபராதம். "அப்போ அக்கா இங்கேதானே இருந்தாங்க, அந்தப் பட்டனை அழுத்தினது யாரு?" என்று நீங்கள் வக்கீல் மாதிரி கேட்பீர்கள். அதற்கும் அவள்தான் காரணம். அவள் பேசிய பேச்சு காதில் ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு மனுஷன் எத்தனை தடவை அழுத்தினோம் என்று எப்படி எண்ணுவது?

எட்டாம் நாள் நேரில் கிளைக்கே போனேன். வாசலில் டோக்கன் எந்திரம், அதற்குப் பக்கத்தில் அதை இயக்கத் தனியாக ஒரு காவலாளி. டோக்கன் எண் நாற்பத்தேழு. உள்ளே மொத்தம் மூன்று பேர். மூன்று பேருக்கு நாற்பத்தேழு எப்படி என்று கேட்டேன், "காலையில யாரோ பட்டனைச் சும்மா சும்மா அமுக்கிட்டாங்க சார்" என்றார் காவலாளி. இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மேலாளர் அறைக்குள் விட்டார்கள். மனிதர் சுழல் நாற்காலியில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடிக்கொண்டே பேசினார்.

"சார், இது அபராதம் இல்ல. சர்வீஸ் சார்ஜ். உங்க பேமென்ட் திரும்பிப் போகாம நாங்க காப்பாத்தியிருக்கோம்."

"நான் கட்ட வேண்டியதை ஒரு தடவை கட்டியாச்சு. ரெண்டாவதைத் திருப்பி அனுப்பியிருந்தா அதுக்குப் பேருதான் காப்பாத்துறது."

"ரெண்டு தடவை அழுத்தினது நாங்க இல்லையே சார்."

"லிஃப்டுல ரெண்டு தடவை அழுத்தினா ரெண்டு லிஃப்டா வருது? முப்பத்து நாலு வருஷத்துல ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்க எத்தனை பேரைத் தூக்கி வெளியே விட்டிருக்கேன். ஒருத்தர்கிட்டயாவது மாட்டினதுக்குக் காசு கேட்டிருப்பேனா?"

மேலாளர் ஆடுவதை நிறுத்தினார். அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. கட்டணத்தைத் திருப்பித் தர விதி இருக்கிறதாம், விண்ணப்பம் கொடுக்க வேண்டுமாம். மூன்று பக்கப் படிவத்தை நீட்டினார். பொறுமையாக உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தால், கடைசிப் பக்கத்தைப் பேனாவால் தட்டிக் காட்டுகிறார். "கூட்டுக் கணக்கு சார். ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். மேடம் வரலையா?"

"ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன். "எப்போ வருவாங்க?" என்றார். இதெல்லாம் ஒரு வங்கி கேட்கிற கேள்வியா? என் வீட்டில் யார் எப்போது வருவார்கள் என்பது இவருக்கு எதற்கு? படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது இப்போது டிவி மேல் இருக்கிறது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம்.

ஆகவே, துணை மேலாளர் அவர்களே, இந்தக் கடிதத்தின் நோக்கத்துக்கு வருகிறேன். உங்கள் அக்காவை ஒரே ஒரு கையெழுத்துக்காக இங்கே அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. இங்கே எனக்கு ஒரு குறையும் கிடையாது. சமையல் நன்றாகவே வருகிறது. காலையில் கை பழக்கத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிடுகிறேன், இரண்டையும் நானே குடித்துவிடுகிறேன், கொஞ்சம் நெஞ்செரிச்சல், அவ்வளவுதான். நான் வருத்தமாக இருப்பதாக அவளிடம் சொல்ல வேண்டாம், ஏனென்றால் நான் வருத்தமாக இல்லை. தப்பு அவளுடையது என்பதில் எனக்கு இம்மியும் சந்தேகம் கிடையாது. அவளாக ஒப்புக்கொண்டால் பெரிய மனது பண்ணி மன்னிக்கத் தயாராக இருக்கிறேன். இனிமேல் ஆன்லைனில் பணம் கட்டும் சமாசாரத்தையே கையால் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் குழந்தைகள் இருவரும் நன்றாகப் படித்து, வங்கி வேலைக்குப் போகாமல், நாலு பேருக்கு உபயோகமாக நீடூழி வாழ என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு என் அன்பு. உங்களுக்கும் ஆசி உண்டு, வீட்டில் இருக்கும் நேரத்துக்கு மட்டும். வங்கிக்குள் நுழைந்த பிறகு அது செல்லாது.

இப்படிக்கு,
இரண்டு கணக்கிலும் கடன்காரனாக்கப்பட்ட,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போனேன், பசை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தேடித் தேடி அலுத்து உட்கார்ந்தபோது, மேலே எழுதியதை ஒரு தடவை படித்தேன். மச்சான், வங்கியைத் திட்டியது முழுக்க உண்மை. அதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன், அந்தப் பக்கங்களை நீ உன் மேலிடத்தில் கொடுத்தாலும் சரி. மற்றதெல்லாம் பொய்.

அந்தப் பட்டனை இரண்டாவது தடவை அழுத்தியது நான்தான்டா. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உன் அக்கா கண்ணாடியைத் துடைக்கத் தலையைக் குனிந்தாள். அந்த நொடியில் என் விரல் போய்விட்டது. முப்பத்து நாலு வருஷமாக ஊரையெல்லாம் திட்டிய வாய்க்கு, "நான்தான்" என்று சொல்ல வரவில்லை. அவள் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பார்த்துவிட்டும், "நான்தான்னே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்களுக்குள் தொடர்பே இல்லை என்று எழுதினேனே, அதுவும் பொய். நீ கணக்கு ஆரம்பித்த நாளில் என்னிடம் போன் கிடையாது, படிவத்தில் அவள் எண்ணைத்தானே எழுதினாய்? இங்கே நான் எதற்குப் பணம் கட்டினாலும் அந்த ஆறு இலக்க ரகசிய எண் உன் வீட்டில் இருக்கும் அவள் போனுக்குத்தான் போகிறது. நான் கேட்பதில்லை. அவளும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நிமிடத்துக்குள் அந்த ஆறு இலக்கத்தை அப்படியே எனக்கு அனுப்பிவிடுவாள், முன்னும் பின்னும் ஒரு எழுத்து இருக்காது. கூட்டுக் கணக்கில் அதிகமாகப் போய் விழுந்த பணம் இருக்கிறதல்லவா, அதில் ஒரு வாரமாக வேண்டாததையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை டார்ச் பேட்டரி, செவ்வாய்க்கிழமை ஷூ பாலிஷ், நேற்று ஒரு மழைக்கோட்டு. இங்கே மழையே இல்லை. எண் வருகிறது, அவ்வளவுதான்.

இப்போது, பசை தேடுவதை விட்டுவிட்டு, பஸ் டிக்கெட் போட உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே வர ஒரு சீட்டு, அன்று சாயங்காலம் திரும்பி வர இரண்டு. எதற்கு, எவ்வளவு, எத்தனை சீட்டு என்று எல்லாவற்றையும் அந்தச் செய்தியிலேயே போட்டுவிடுவார்கள் உன் வங்கிக்காரர்கள். எண் பத்து நிமிடம்தான் செல்லும். ஒரு நிமிடம் ஆயிற்று, வரவில்லை. மூன்று ஆயிற்று, ஐந்து ஆயிற்று. கட்டணம் இல்லாமல் இப்படி ஒரு தண்டனையை உன் வங்கிகூட எனக்குக் கொடுத்ததில்லை. ஒன்பதாவது நிமிடம் எண் வந்தது. அதற்குக் கீழே, பதினோரு நாளில் முதல் தடவையாக, ஒரு வரி: "ஒரு தடவை மட்டும் அமுக்குங்க."

அமுக்கினேன் மச்சான். வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் போனை மேஜையில் வைத்துவிட்டு, அது நிற்கும்வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.